ஏடாட்டா, டி.ஏ.-88-ஆ? வீடியோ டேப்பில் எட்டு டிராக்

1990களின் தொடக்கம் வரை டிஜிட்டல் மல்டிடிராக் (ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனித்தனி டிராக்கில் பதியும் மெஷின்) என்றால் சோனியின் 24 டிராக் மெஷின் மாதிரி லட்சம் டாலரைத் தாண்டும் சமாசாரம். அதை வீட்டு ஸ்டுடியோவுக்கு இறக்கியவை இரண்டு பெட்டிகள். அலிசிஸ் 1991-ல் அறிவித்து 1992-ல் விற்கத் தொடங்கிய ஏடாட், 3,995 டாலர். டாஸ்காமின் டி.ஏ.-88 அடுத்த ஆண்டே வந்தது, 4,499 டாலர். இரண்டிலும் 8 டிராக், 16 பிட். இரண்டிலும் 16 மெஷின்களைக் கோத்து 128 டிராக் வரை போகலாம். எதன் ஒலி உசத்தி என்று சண்டை போட்டவர்கள் உண்டு; வீண் சண்டை. வித்தியாசம் டேப்பிலும் அதை ஓட்டும் மெக்கானிசத்திலும்தான்.

ஏடாட்டுக்கு எஸ்-வி.எச்.எஸ். கேசட். வி.எச்.எஸ். வேகத்தைப்போல மூன்று மடங்கில் ஓடுவதால் 120 என்று எழுதிய டேப்பில் 40 நிமிடம்தான் கிடைக்கும். டி.ஏ.-88-க்கு ஹை-8 கேசட். 120 நிமிட டேப்பில் 108 நிமிடம். இந்த எண்கள் அமெரிக்க டி.வி. முறையான என்.டி.எஸ்.சி. கணக்கு. பால் (PAL) டி.வி. முறை இருந்த நம்மூரில் லேபிளை அப்படியே நம்பக் கூடாது: ஹை-8-ல் பி5-90 (பால் 90 நிமிடம்) என்பதும் பி6-120 (என்.டி.எஸ்.சி. 120 நிமிடம்) என்பதும் ஏறக்குறைய ஒரே நீளம். ஹை-8 வாங்கும்போது எம்.பி. (உலோகத் துகள் பூச்சு) வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். எம்.இ. (உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்தது) வகையின் பூச்சு மிக மெல்லியது. ஒரே வரியைப் பத்து முறை பஞ்ச்-இன் செய்கிற (ஓடும்போதே அந்த இடத்தில் மட்டும் மறுபடி பதிகிற) வேலைக்குத் தாங்காது.

இரண்டுக்கும் டேப்பை முதலில் ஃபார்மேட் செய்தாக (மெஷின் இடம் அறிவதற்கான குறிகளை எழுதியாக) வேண்டும், அதுவும் முழு நீளத்துக்கு, ஓடுகிற நேரத்திலேயே. ஃபார்மேட் செய்துகொண்டே முதல் டிராக்கைப் பதிவு செய்ய வழி உண்டு. பாதியில் நிறுத்தினால் மிச்ச டேப் வெற்று. பாட்டு நீண்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். பாடகர் வருவதற்கு முன்பே நாலைந்து கேசட்டை ஃபார்மேட் செய்து வைப்பதே நல்லது.

கறுப்பு முகப்புள்ள முதல் ஏடாட்டில் ஒரு கண்ணி. அதன் இயல்பான சாம்பிளிங் வேகம் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸ், சி.டி.யின் வேகமான 44.1-க்கென்று தனி சுவிட்ச் கிடையாது. சி.டி.க்காகப் பதிவு செய்தவர்கள் பிட்ச்சை மைனஸ் 147 சென்ட்டுக்கு (100 சென்ட் ஒரு அரைச் சுரம்) இறக்கி 44.1 ஆக்கினார்கள். அதைக் கேசட் மேல் எழுத மறந்தால் பின்னால் 48-ல் ஓடும். சுருதி முக்கால் கட்டை ஏறி, தாளமும் வேகமெடுக்கும். டி.ஏ.-88-ல் 44.1, 48 இரண்டும் தேர்ந்தெடுக்கும்படியே இருந்தன.

மெக்கானிசத்தில் டி.ஏ.-88 தெளிவாக ஒரு படி மேல். டேப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக இரண்டு நிமிடம்கூட ஆகாது. இரண்டாவது, மூன்றாவது மெஷின்கள் முதல் மெஷினோடு சட்டென்று சேர்ந்துகொள்ளும். ஏடாட்டில் அதற்குள் ஒரு மடக்கு காப்பி குடித்துவிடலாம். படத்தோடு ஒட்டி வேலை செய்ய டி.ஏ.-88-ல் எஸ்.ஒய்.-88 கார்டைச் செருகினால் எஸ்.எம்.பி.டி.இ. டைம்கோடு (படத்தையும் ஒலியையும் ஒட்ட வைக்கும் நேரக்குறி) தயார், தலைமை மெஷினுக்கு ஒன்று போதும். ஏடாட்டுக்கு பி.ஆர்.சி. என்ற தனி கன்ட்ரோலரை வாங்க வேண்டும். ஹாலிவுட் ஒலிக்கூடங்கள் டி.ஏ.-88 பக்கம் சாய்ந்தது இதனால்தான்.

ஏடாட்டில் 'எரர் 7' வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரீலைச் சுற்றும் சக்கரத்தின் ஐட்லர் ரப்பரை. வழுவழுப்பாகித் தேய்ந்த ரப்பர் ரீலைச் சுற்றாமல் வழுக்கும். சர்க்யூட்டைக் குடைவதற்கு முன் அதை மாற்றிப் பாருங்கள். டிஸ்ப்ளேயின் ஓரத்தில் சிறு புள்ளி மினுக்கினால், டேப்பில் படிக்க முடியாத இடத்தை மெஷின் ஊகத்தால் நிரப்புகிறது என்று பொருள். எப்போதாவது மினுக்கினால் பரவாயில்லை. விடாமல் மினுக்கினால் ஹெட்டைத் துடைக்கும் நேரம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த சாமோய் தோல் குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு டிரம்மைக் கையால் சுற்ற வேண்டும். குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும்.

இணைப்பில் ஏடாட் ஜெயித்தது. ஒரு மெல்லிய டாஸ்லிங்க் ஆப்டிகல் கேபிளில் எட்டு சானல். கிரவுண்ட் லூப் ஹம் (எர்த் இணைப்பால் வரும் இரைச்சல்) என்ற பேச்சுக்கே இடமில்லை. டாஸ்காமின் டிஜிட்டல் இணைப்பான டி.டி.ஐ.எஃப். 25 பின் செம்புக் கேபிள், போக வர இரண்டும் அதிலேயே. அதே பெட்டியில் அனலாக் இணைப்புக்கும் 25 பின் சாக்கெட் இருப்பதால் இடம் மாற்றிச் செருகிவிட வாய்ப்பு அதிகம். பவரை அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வேர்ட் கிளாக்குக்குத் (மெஷின்களை ஒரே வேகத்தில் வைக்கும் துடிப்பு) தனி பி.என்.சி. கேபிள் போடுவது பாதுகாப்பு.

அன்று ஒரே மெஷினோடு வீட்டில் பாட்டுப் பதிவு செய்தவருக்கு ஏடாட் போதுமானது. மூன்றைக் கோக்க வேண்டியவருக்கு டி.ஏ.-88-க்குக் கூடுதலாகக் கொடுத்த 500 டாலர் நியாயமே. இன்று இவற்றைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பழைய டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் தேடுகிறார்கள். அதற்கு ஏடாட் சுலபம், அதன் ஆப்டிகல் துளை இன்றைய இன்டர்ஃபேஸ்களிலும் (கம்ப்யூட்டருக்கு ஒலியை ஏற்றும் பெட்டிகள்) இருக்கிறது. டேப்பைக் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு பிளே. இன்டர்ஃபேஸின் கிளாக்கை ஆப்டிகல் இன்புட்டுக்கு மாற்ற மறந்தால் 'டிக் டிக்' சத்தம் பதிவாகும். டி.டி.ஐ.எஃப். உள்ள கார்டு கிடைக்காவிட்டால் டி.ஏ.-88-ன் அனலாக் அவுட்டிலிருந்து எட்டு டிராக்கையும் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடுங்கள். இரண்டு இரண்டாக எடுத்துப் பின்னால் பொருத்தினால் டிராக்குகள் மெல்ல விலகும்.