காளியம்மன் கோயில் பக்கத்துப் பட்டாணிச் சோற்றுக் கடை

பர்மாவின் யாங்கோன் (ரங்கூன்) நகரில் அனோரட்டா சாலையையொட்டி, காளியம்மன் கோயிலுக்கு அருகிலுள்ள குறுக்குத் தெருவில், பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு நடைபாதைக் கடை இருக்கிறது. மூட்டை தூக்குவோரும், சந்தையில் மீன் விற்போரும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுமே இதன் வாடிக்கையாளர்கள். அவித்த பட்டாணியும் சோறும் தவிர இங்கே வேறெதுவும் கிடையாது. ஆயினும் கையில் காசு குறைவாக உள்ளவருக்கு இந்த வட்டாரத்தில் இதைவிடச் சத்தான காலையுணவு கிடைப்பது அரிது என்றே கருதுகிறேன்.

பர்மியர் பெ ப்யோ என்றழைக்கும் இந்தப் பட்டாணியைக் கடைக்கார அக்கா முன்கூட்டியே ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி, வெள்ளை முளை எட்டிப் பார்க்கும் பதத்தில் அவிக்கிறார். சுடுசோற்றின் மேல் தாராளமாக ஒரு கரண்டி பட்டாணி, பொரித்த வெங்காயம், அது பொரிந்த எண்ணெயில் சிறிது, உப்பு, கேட்டால் ஒரு துண்டு எலுமிச்சை. தோல் கழலாமல் முழுதாக இருக்கும் பட்டாணி, விரலால் தொட்டதும் மசிந்துவிடுகிறது. முளைகட்டுவதால், இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது; அதனோடு எலுமிச்சையின் வைட்டமின் சி சேரும்போது பட்டாணியிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதாக ஏற்கிறது.

எதிரிலுள்ள தேநீர்க் கடையில் இதே வேளையில் பலரும் உண்பது பொரித்த மைதாவும் கண்டென்ஸ்டு மில்க் கலந்த தேநீரும்தான். பசி அடங்கும், ஆனால் உடலுக்குச் சேர்வது பெரும்பாலும் மாவும் சர்க்கரையும் எண்ணெயுமே. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் புரதம் 3 கிராமுக்கும் குறைவு. அதே எடை அவித்த பட்டாணியில் ஏறத்தாழ 8 கிராம் உண்டு, நார்ச்சத்தும் கிட்டத்தட்ட அதே அளவு. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களுள், அரிசியில் குறைவாக உள்ள லைசினைப் பட்டாணியும், பட்டாணியில் குறைவாக உள்ள மெத்தியோனினை அரிசியும் ஈடுசெய்கின்றன.

தீட்டிய அரிசியையே மூன்று வேளையும் நம்பியிருக்கும் வீடுகளுக்குப் பட்டாணி வேறொரு வகையிலும் முக்கியமானது. பர்மாவில் கைக்குழந்தைகளைப் பலிகொண்ட நோய்களுள், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரியும் ஒன்று. தாய்க்குத் தயாமின் எனும் வைட்டமின் பி1 போதாதபோது தாய்ப்பாலிலும் அது குறைந்துவிடுகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று பயறு பருப்பை விலக்கும் வீடுகளில் இந்தக் குறை இன்னும் கூடும். பட்டாணியில் தயாமின் நல்ல அளவில் இருக்கிறது.

ஆகவேதான் இக்கடையின் ஒரு பழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. விரைவில் வேகட்டும் என்று பானையில் ஆப்பசோடா போடுகிறார்கள். சோடாவின் காரத்தன்மை தயாமினை அழித்துவிடும்; எஞ்சியதிலும் ஒரு பங்கு, வடித்துக் கொட்டும் நீரோடு போகிறது. இதைச் சொன்னபோது, "கரி விக்கிற விலையில கட்டுப்படி ஆகலையே தம்பி" என்றார் அக்கா. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊறி முளைகட்டிய பட்டாணி சோடா இல்லாமலும் வேகும். மூடி போட்டு, அளவாக நீர்விட்டு அவித்தால் கரிச்செலவு அவர் அஞ்சும் அளவுக்குக் கூடாது, வடித்த நீரையும் மிளகு தட்டிப்போட்டு ரசமாக ஊற்றலாம்.

உப்பும் சற்றுத் தூக்கல். குறைத்துப் போடச் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்கிறார். மேசையில் இலவசமாக வைத்திருக்கும் வெறுந்தேநீரை உணவோடு குடிக்க வேண்டாம், அதன் துவர்ப்பு இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். பட்டாணி விரைவில் தீர்ந்துவிடுவதால் விடிந்ததுமே செல்வது நல்லது. எலுமிச்சையை மறவாமல் கேட்டு வாங்குங்கள்.