தீபாவளி ஆர்டர் நெருக்கடியில் வாட்ஸ்அப் பிசினஸ்: வளையல் கடைக்கு எவ்வளவு தாங்கும்?

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வீட்டில் இருந்தபடி பட்டு நூல் வளையல், வாசல் தோரணம், ஆரத்தித் தட்டு செய்து விற்கும் பலருக்குக் கடை என்பது ஒரு வாட்ஸ்அப் எண்தான். படம் இன்ஸ்டாகிராமில், வீடியோ டிக்டாக்கில். விலை, அளவு, பணம், முகவரி எல்லாம் வாட்ஸ்அப்பில். மற்ற மாதங்களில் இது சிக்கலில்லாமல் ஓடும். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதுதான் இலவச வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் பலமும் பலவீனமும் தெரியவரும். பேச்சை அழகாக அடுக்கித் தருகிறது. எத்தனை ஆர்டர் எடுத்திருக்கிறோம், இன்னும் எத்தனை எடுக்கலாம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கை வெளியே வைத்துக்கொண்டால் ஒருவர் அல்லது இருவர் நடத்தும் கடைக்கு இது போதும். வைக்காவிட்டால் நெருக்கடியை இதுவே கூட்டிவிடும்.

முதலில் அந்தக் கணக்கு. ஆறு வளையல் கொண்ட ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு வளையலுக்கு நூல் சுற்ற 10 நிமிடம், குந்தன் கல் ஒட்ட 10 நிமிடம் என்றால் ஒரு செட் இரண்டு மணி நேர வேலை. மாலையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் நாளுக்கு இரண்டு செட், ஆறு நாளில் 12. ஆனால் வாரத்துக்கு 10 ஆர்டருக்கு மேல் எடுக்கக் கூடாது. மீதி இரண்டு செட்டுக்கான நேரத்தைக் கல் விழுந்தது, நூல் பிரிந்தது, அளவு மாறியது என்று திரும்பி வரும் வேலை தின்றுவிடும். அக்டோபர், நவம்பரில் பினாங்கில் மழை வேறு. காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது துணிப்பசை மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கல்லை விரலால் தள்ளினால் நகரும். அன்றே கவரில் போட்டால் வழியிலேயே கல் உதிரும். ஓர் இரவு முழுக்கத் தட்டில் விட்டுவிட்டு, காலையில் தள்ளிப் பார்த்த பிறகே பேக்கிங். ஆக, ஒரு நாளின் எல்லையை முடிவு செய்வது கை வேகம் மட்டுமல்ல, காயவைக்க எத்தனை தட்டு இருக்கிறது என்பதும்தான்.

செயலிக்குள் வந்தால், அதிகம் பேசப்படுவது லேபல், அதாவது உரையாடலுக்கு ஒட்டும் வண்ண அடையாளம். புது வாடிக்கையாளர், புது ஆர்டர், பணம் பாக்கி, பணம் கட்டியாச்சு, ஆர்டர் முடிந்தது என்ற வகையில் சில லேபல்கள் தயாராகவே வரும். பெயர் மாற்றலாம், மொத்தம் 20 வரை வைக்கலாம். வளையல் கடைக்கு ஆறு போதும்: அளவு வரவில்லை, பணம் வரவில்லை, வரிசையில், கையில், காய்கிறது, அனுப்பியாச்சு. இதற்கு மேல் வைத்தால் மாற்ற மறந்து போகும். மாற்றப்படாத லேபல் பொய் சொல்லும்.

லேபலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, புதிதாக வருபவர்கள் அதில்தான் விழுகிறார்கள். "வரிசையில்" என்ற லேபலைத் திறந்தால் உரையாடல்கள் ஆர்டர் வந்த தேதிப்படி நிற்காது, கடைசியாகச் செய்தி வந்த நேரப்படி நிற்கும். "அக்கா, என் வளையல் ரெடியா?" என்று தினமும் கேட்பவர் மேலே ஏறிக்கொண்டே இருப்பார். மூன்று வாரம் முன்பே பணம் கட்டிவிட்டு அமைதியாகக் காத்திருப்பவர் அடியில் போய்விடுவார். அவருடைய கோபம் தீபாவளிக்கு முந்தின நாள்தான் தெரியும். நியாயமான கோபம்தான்.

இதற்குச் செயலியில் நேரடி வழி கிடையாது, ஆனால் ஒரு சின்ன வேலை பலன் தரும். பணம் வந்ததும் அந்த எண்ணைத் தொடர்புப் பட்டியலில் சேமியுங்கள், பெயருக்குப் பதில் விவரத்தோடு: "17 – 2.6 சிவப்பு – 30அக்". 17 ஆர்டர் எண், கடைசியில் இருப்பது அனுப்ப வேண்டிய தேதி. தேடல் பெட்டியில் "30அக்" என்று அடித்தால் அன்றைக்குப் போக வேண்டியவை அத்தனையும் வரும். அதே வாடிக்கையாளர் இரண்டாவது ஆர்டர் போட்டால் பெயர் நீண்டுகொண்டே போகும் என்பது உண்மை. அந்த நிலையில் உரையாடலுக்கு லேபல் போடாமல், ஆர்டர் விவரம் இருக்கும் செய்தியை அழுத்திப் பிடித்து அதற்கு மட்டும் லேபல் போட வேண்டும்.

குயிக் ரிப்ளை, அதாவது முன்பே எழுதிவைத்த பதில், 50 வரை சேமிக்கலாம், சாய்கோடு (/) அடித்தால் பட்டியல் வரும். தமிழ் விசைப்பலகையில் இருந்து மாறாமல் அடிக்க ஏதுவாகக் குறுக்குப் பெயர்களை எண்ணாக வைப்பது வசதி: 1 விலை, 2 அளவு, 3 பணம், 4 தேதி. இவற்றில் அளவுச் செய்தியை மட்டும் நன்றாக யோசித்து எழுதுங்கள். வளையல் அளவில் 2.6 என்பது 2 அங்குலமும் அதோடு பதினாறில் ஆறு பங்கும். உள்விட்டம் சுமார் 60 மி.மீ. 2.4 என்றால் 57, 2.8 என்றால் 63.5. ஸ்கேலில் அளந்து 2.6 அங்குலம் கண்டவர் "2.6 போதும் அக்கா" என்பார். அவர் அளந்தது 66 மி.மீ. அவருக்கு வேண்டியது 2.10. அதனால் அளவு எண்ணைக் கேட்கவே கூடாது. "கைக்குச் சரியாக இருக்கும் பழைய வளையல் ஒன்றின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, ஸ்கேலோடு படம் அனுப்புங்க சிஸ்" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டால் திரும்பி வரும் செட்கள் பாதியாவது குறையும்.

நாம் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் அவே மெசேஜ்தான் நெருக்கடியில் உண்மையாகக் கைகொடுக்கும் அம்சம். பலர் அதில் "நன்றி, விரைவில் பதில் தருகிறோம்" என்று போட்டு வீணடிக்கிறார்கள். வாடிக்கையாளருக்குத் தேதி வேண்டும். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். அக்டோபர் 24 வரைக்கும் வளையல் வேலை நிரம்பிவிட்டது. அடுத்த இடம் அக்டோபர் 26, திங்கள். முழுப் பணம் வந்த பிறகே இடம் உறுதி. செய்திகளுக்கு இரவு 8 முதல் 9 வரை பதில் வரும்."

யாருக்குப் போக வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். பணம் கட்டியவர்கள் எல்லாரும் தொடர்புப் பட்டியலில் ஏறிவிட்டார்கள் அல்லவா? முகவரிப் பட்டியலில் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று அமைத்தால், புதிதாகக் கேட்பவருக்கு மட்டும் "நிரம்பிவிட்டது" போகும், காத்திருப்பவர் பயப்பட மாட்டார். போனில் இணையம் இல்லையென்றால் இந்தச் செய்தி போகாது, அதை மனதில் வையுங்கள். தானாகப் போகும் வரவேற்புச் செய்தியான கிரீட்டிங் மெசேஜ் வேறு: முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்புபவருக்கும் மட்டுமே போகும். சீசன் அறிவிப்பை அதில் நம்பிப் போடுவது வீண்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் ஏமாற்றும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். "ஆர்டர் மூடிவிட்டோம்" என்று அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தால், கிடைக்காதவர்கள் மறுநாள் வரிசையாக வருவார்கள். பணம் கிடைத்ததை உறுதி செய்யும் செய்தியிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

கேட்டலாக் என்ற பொருள் பட்டியல் படம் காட்ட நல்லது. அதில் கையிருப்பு எண்ணிக்கை கிடையாது, அதனால் பத்து செட் முடிந்ததும் தானாக நிற்காது. அந்தப் பொருளை மறைப்பது நம் வேலை. வாடிக்கையாளர் பொருள்களைத் தேர்ந்து சேர்த்து அனுப்பும் கார்ட் வசதியைச் சீசனில் அணைத்து வைப்பதே உத்தமம். கார்ட் அனுப்பியவர் ஆர்டர் போட்டுவிட்டதாக நினைக்கிறார், கடைக்கு வந்திருப்பதோ பணமில்லாத ஒரு கோரிக்கை.

இந்த இடத்தில் ஷாப்பி என்ற இணைய விற்பனைத் தளமே மேல். கையிருப்பு 10 என்று போட்டால் பத்தோடு மூடிக்கொள்ளும், பணமும் முன்னதாகவே அவர்களிடம் வந்துவிடும். பதிலுக்குக் கமிஷன் போகும், தாமதமாக அனுப்பினால் அபராதப் புள்ளி விழும். அளவுக்கு அளவு பேசிச் செய்யும் வேலைக்கு அந்தக் கடிகாரம் ஒத்துவராது. தயாராக இருக்கும் செட்களை அங்கேயும், அளவெடுத்துச் செய்பவற்றை வாட்ஸ்அப்பிலும் விற்பது நல்ல பிரிவினை.

பணத்தில் ஒரே கண்டிப்பு: டுயிட்நவ் என்ற மலேசியப் பணம் செலுத்தும் முறையின் கியூஆரில் கட்டியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து வரிசையில் சேர்க்காதீர்கள். வங்கிக் கணக்கில் தொகை தெரிந்த பிறகே ஆர்டர் எண். குறிப்புப் பகுதியில் அந்த வளையலின் குறியீட்டைப் போடச் சொன்னால் இரவில் சரிபார்ப்பது சுலபம். 24 மணி நேரத்தில் பணம் வரவில்லையென்றால் இடம் அடுத்தவருக்கு.

போனோடு இன்னும் நான்கு சாதனங்களை இணைக்கலாம் என்பதால் தங்கை ஒரு கணினியில், அம்மா ஒரு டேப்லெட்டில் என்று ஆளுக்கொரு பக்கம் பதில் சொல்லத் தோன்றும். வேண்டாம். ஒரே வாடிக்கையாளருக்கு 35 ரிங்கிட் என்று ஒருவரும் 40 என்று இன்னொருவரும் சொல்லிவிட்டால், குறைந்த விலைதான் நிற்கும். பதில் ஒருவர், முகவரி எடுத்து ஒட்டுபவர் இன்னொருவர்.

இவற்றுக்கு வெளியே ஒரு தாளோ கூகுள் ஷீட்டோ அவசியம்: ஆர்டர் எண், அளவு, நிறம், பணம் வந்த நாள், அனுப்பும் நாள், மாநிலம். கடைசி வரிசையில் அந்த வாரத்துக்கு மீதி இருக்கும் இடம். அவே மெசேஜில் உள்ள தேதியை ஒவ்வோர் இரவும் இதைப் பார்த்து மாற்ற வேண்டும். திறந்திருக்கும் ஆர்டர் இருபது, இருபத்தைந்தைத் தாண்டினால் தாளில்லாமல் லேபலை மட்டும் நம்புவது ஆபத்து.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. பின்னிருந்து எண்ணினால், தீபகற்ப மலேசிய முகவரிகளுக்கு நவம்பர் 2 திங்களன்று கூரியரில் சேர்ந்திருக்க வேண்டும், அதாவது கடைசிக் கல் அக்டோபர் 31-க்குள் ஒட்டி முடிந்திருக்க வேண்டும். சபா, சரவாக்கிற்கு ஒரு வாரம் முன்னதாக, அக்டோபர் 26. வளையலைத் தடித்த அட்டைக் குழாயில் கோத்து, குழாயைப் பெட்டிக்குள் வைத்து, அதன் பிறகே கூரியர் கவர். வெறும் கவரில் போனால் மேலே இன்னொரு பார்சல் ஏறியதும் நூல் நசுங்கிக் கோடு விழும், அது திரும்ப நிமிராது.