முத்திரைத்தாளுக்கு முன்னால் விளக்கம்: திருமங்கலத்தில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகம்

என் பெரியப்பா தம் சுயார்ஜித (தாமே சம்பாதித்த) வீட்டை மகளுக்கு எழுதிவைக்க விரும்பியபோது, திருமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்தை அடுத்துள்ள பத்திர எழுத்தர் ஒருவரிடம் சென்றோம். வரைவில் வரும் சட்டச் சொற்கள் கையெழுத்திட்ட பிறகு நம்மை எந்த நிலையில் நிறுத்தும் என்று சொல்லி முடித்த பின்னரே அங்கு முத்திரைத்தாளைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த அலுவலகத்தை நான் பரிந்துரைப்பது இதற்காகத்தான்.

"தானமா எழுதிருங்க" என்ற பெரியப்பாவிடம், "ஐயா, உயிலையும் யோசிச்சீங்களா?" என்று எழுத்தர் கேட்டார். தான செட்டில்மென்ட் பதிவானதும் உரிமை மகளுக்குப் போய்விடும் என்றும், பிறகு மனம் மாறினாலும் எழுதிக்கொடுத்தவர் தாமாக அதை ரத்து செய்ய இயலாது என்றும் விளக்கினார். உயிலோ எழுதியவரின் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வருவது; உயிரோடு இருக்கும்வரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்; இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. விடுதலைப் பத்திரத்தைப் பற்றியும் கேட்டோம். சொத்தில் ஏற்கெனவே பங்குள்ளவர் இன்னொரு பங்குதாரருக்குத் தம் பங்கை விட்டுக்கொடுப்பதற்கானது அது என்பதால் எங்களுக்குப் பொருந்தவில்லை.

செட்டில்மென்ட் என்று முடிவானதும், பெரியப்பாவும் பெரியம்மாவும் ஆயுள் முழுவதும் அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், மகள் அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுத்தரே சேர்க்கச் சொன்னார். பராமரிப்பு நிபந்தனையோடு ஒரு மூத்த குடிமகன் கொடுத்த சொத்தைப் பெற்றவர் அந்த நிபந்தனையை மீறினால், அப்பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கேட்க, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. நிபந்தனை பத்திரத்திலேயே இருந்துவிட்டால் பின்னாளில் வாதத்துக்கு இடம் குறையும். பெற்ற மகளிடம் நிபந்தனையா என்று பெரியம்மா முகம் சுளித்தார். எனக்கென்னவோ எழுத்தர் பக்கமே நியாயம் தெரிந்தது.

வில்லங்கச் சான்றைப் பற்றி அவர் சொன்னதும் பயனுள்ளது. கேட்ட காலத்தில் பதிவான பரிவர்த்தனைகளே அதில் வரும். எதுவும் இல்லையென்றால் படிவம் 16, இருந்தால் படிவம் 15. பதிவு செய்யாத உயிலோ ஒப்பந்தமோ அதில் தெரியாது. பட்டா வருவாய்த்துறை ஆவணமே. அது மட்டும் உரிமையை நிரூபிக்காது என்பதால், சொத்து முன்பு கைமாறி வந்ததைக் காட்டும் தாய்ப் பத்திரத்தையும் பார்க்க வேண்டும். தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை மட்டும் கொண்டு சொத்துரிமை கைமாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் கூறியதையும் அவர் விட்டுவிடவில்லை.

வரைவை உரக்கப் படித்துக் காட்டுவதும் அங்கு வழக்கம். சொத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருந்தது அப்போதுதான் பிடிபட்டது. பதிவான பிறகு தெரிந்திருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் என்று இன்னொரு செலவு.

குறைகளும் உண்டு. எழுத்துக் கூலியை முன்கூட்டியே சொல்வதில்லை, நாமாகக் கேட்டால்தான் தெரியும். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்", "சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்" போன்ற பழைய வாசகங்களின் பொருளைப் பொறுமையாக விளக்குபவர்கள், அவற்றை எளிய தமிழில் மாற்றி எழுத மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. முகூர்த்த நாள்களில் கூட்டம் நெருக்குவதால் விளக்கமும் சுருங்கிவிடுகிறது. வரைவு பேசுவதற்கு வேறொரு நாளில் செல்வது நல்லது.

வழக்கில் சிக்கிய சொத்தென்றால் அங்கேயே கைவிரித்து, வக்கீலைப் பார்க்கச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு வசதியில்லாதவர்கள் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.