பைதனின் டோக்கனைஸ்: நெல் ஆலை பில்லில் பாவித்துப் பார்த்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது காசு கொடுத்து வாங்கும் சாமான் இல்லை. பைதன் என்ற நிரல்மொழி போட்டிருந்தால், கோட்டைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் டோக்கனைஸ் என்ற மொடியூலும் கூடவே இருக்கும், தனியாக இறக்கவும் வேண்டாம், இன்ஸ்டோல் பண்ணவும் வேண்டாம். இதைப் பற்றிப் பெரிதாக யாரும் எழுதுவதில்லை, நிறையப் பேருக்கு இது தேவைப்படுவதே இல்லை. ஆனால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவோடு மல்லுக்கட்டுகிற நம்மவர்களுக்குத் தேவைப்படும்.

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலை. நெல் கொண்டுவருகிறவருக்கு எத்தனை மூடை, எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு என்று தமிழில் பில் அடித்துக் கொடுக்கும் புரோகிராம் ஒன்று அங்கே பதினைந்து வருடமாக ஓடுகிறது. எழுதிக் கொடுத்த பொடியன் வெளிநாடு போய்விட்டான் (நல்ல மூளைக்காரன்தான், ஆனால் ஒரு பைலை ஒரு மாதிரி, அடுத்ததை இன்னொரு மாதிரிச் சேமித்து வைத்திருக்கிறான்). பழைய மெஷின் செத்துப்போக, பெரும்போக அறுவடை தொடங்குவதற்கு முதல் புது லெப்டொப்பில் ஓட வைக்கச் சொல்லி என்னிடம் வந்தது. "மகன், மத்ததெல்லாம் எப்படியும் போகட்டும், பேரு மட்டும் பிழைக்கக் கூடாது" என்றார் முதலாளி.

திறந்து பார்த்தால் 63 பைல். சிலது யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில். சிலது அதே யூடிஎஃப்-8, ஆனால் பழைய நோட்பேட் பைலின் தலையில் ஒட்டிவிட்ட அந்த 239, 187, 191 என்ற 3 பைட்டோடு. ஓடாத பழைய பிரதி ஒன்று யூடிஎஃப்-16. மீதிப் பெரும்பகுதி பாமினி.

எந்த பைல் என்ன என்கோடிங் (எழுத்தை பைட்டாகச் சேமிக்கும் முறை) என்று ஊகித்துச் சொல்லும் நூலகம் ஒன்றைத்தான் முதலில் ஓட விட்டேன். பாமினி பைல்கள் எல்லாவற்றுக்கும் ஆஸ்கி, அதாவது வெறும் ஆங்கில எழுத்து, நம்பிக்கை நூறு வீதம் என்றது. அதைக் குறை சொல்லவும் முடியாது. பாமினி என்கோடிங்கே இல்லை, ஆங்கில எழுத்துக்கு மேல் போட்ட தமிழ் முகமூடி. அம்மா என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவைக் கழற்றினால் வெறும் ஆங்கிலம், பைட்டை மட்டும் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். ஒரு பைலை முழுதாக அள்ளி ஒன்லைன் பாமினி மாற்றியில் போட்டேன். தமிழ் அழகாக வந்தது, கூடவே பைதனின் கட்டளைச் சொல்லான டெஃப் என்று இருந்த இடமெல்லாம் 'னநக' என்றும், ஃபார் என்று இருந்த இடமெல்லாம் 'கழச' என்றும் வந்தது. டி ன, ஈ ந, எஃப் க, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கோட்டில் இருந்த காற்புள்ளிகள் எல்லாம் 'இ' ஆகிவிட்டன.

டோக்கனைஸின் அருமை இங்கேதான் தெரிந்தது. அது பைலை வாசித்து, இது பெயர், இது குறி, இது ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்து), இது கொமென்ட் (கோட் வாசிப்பவருக்கான குறிப்பு) என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எந்த வரியில் எத்தனையாவது எழுத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்றும் சொல்லிவிடும். அப்புறமென்ன, ஸ்ட்ரிங்கையும் கொமென்ட்டையும் மட்டும் மாற்றியிடம் கொடுத்தால் போதும், டெஃப் டெஃபாகவே இருக்கும். பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி போடாத பைதன் 2 காலத்துக் கோட்டையும் முறைக்காமல் பிரித்துக் கொடுத்தது, இலக்கணம் பார்ப்பது அதன் வேலை இல்லை. கோட்டின் இலக்கண அமைப்பைப் பிரித்துக் காட்டும் ஏஎஸ்டி என்ற மற்ற மொடியூலைப் பாவிக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அது கொமென்ட்டை வீசிவிடும், இடத்தையும் பைட் கணக்கில்தான் சொல்லும், யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் என்பதால் எழுத்தை எண்ணி வெட்டப் போனால் தப்பான இடத்தில் வெட்டுவோம்.

என்கோடிங் பார்க்க இதற்குள்ளேயே டிடெக்ட் என்கோடிங் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயர்தான் டிடெக்ட், துப்பறிகிற ஆள் இல்லை. முதல் 2 வரியை மட்டும் பார்க்கும். தலையில் அந்த 3 பைட் இருக்கிறதா, என்கோடிங் இன்னதென்று கொமென்ட்டில் எழுதியிருக்கிறதா (2001இல் எழுதிய பெப் 263 என்ற பைதன் முன்மொழிவில் வந்த வழக்கம் அது), இரண்டும் இல்லையென்றால் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். கொமென்ட் ஒன்று சொல்லி தலைப் பைட் வேறொன்று சொன்னால் சமாளிக்காமல் பிழை என்று நின்றுவிடும். அந்த யூடிஎஃப்-16 பிரதியையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியது. எனக்கு இந்தக் குணம் பிடித்திருக்கிறது. ஊகித்துவிட்டுப் போகிற கருவிகளால்தான் தலையில் கோடு போட்ட ஏ-யும் வட்டத்துக்குள் இருக்கும் ஆர்-உம் நிறைந்த பக்கங்களை இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தமிழ் யூடிஎஃப்-8ஐ விண்டோஸ்-1252 என்று நினைத்து வாசித்தால் வருவது அதுதான். ஆனால் நாற்பதாவது வரியில் கோளாறான பைட் கிடந்தால் டிடெக்ட்டுக்குத் தெரியாது, பைலை வாசித்துக்கொண்டு போகும்போதுதான் வெடிக்கும்.

இனி குறைகள். பிரித்ததைத் திரும்ப ஒட்டுவதற்கு அன்டோக்கனைஸ் என்று ஒன்று தருகிறார்கள். அதை நம்பி ஒரு பின்னேரம் போனது. அது நாம் கொடுக்கிற இடக் கணக்கை வைத்தே ஒட்டும். மாற்றிய ஸ்ட்ரிங்கின் முடிவிடத்தைப் புது நீளத்துக்குத் திருத்திக் கொடுத்து அடுத்த துண்டுகளை அப்படியே விட்டேன், நீண்டுவிட்டால் அடுத்த துண்டு முந்தியதற்குள் ஏறுகிறது என்று பிழை சொல்லும், குறுகிவிட்டால் நடுவில் வெற்றிடத்தை நிரப்பும். பாமினியில் 'டி' ஒரே எழுத்து, யூனிகோட்டில் இரண்டு, எப்படிச் சமமாக வரும்? கடைசியில் அதை விட்டுவிட்டு, துண்டுகளின் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பைலின் கடைசியிலிருந்து மேல் நோக்கி ஒவ்வொன்றாக மாற்றி வந்தேன். கீழிருந்து போனால் மேலே உள்ள இடக் கணக்கு குழம்பாது.

இன்னொன்று, பைதன் 3.11இல் எழுதிய என் ஸ்கிரிப்ட் 3.12 போட்டதும் நான் புதிதாகச் சேர்த்த எஃப்-ஸ்ட்ரிங்குகளை (நடுவில் மதிப்பைச் செருகக்கூடிய ஸ்ட்ரிங்) க் கண்டுகொள்ளவே இல்லை. முன்பு முழுதும் ஒரே ஸ்ட்ரிங் துண்டாக வந்தது, 3.12இலிருந்து தொடக்கம், நடு, முடிவு என்று தனித்தனித் துண்டு. பிழையும் சொல்லாது, சும்மா தாண்டிப் போய்விடும்.

எந்த ஸ்ட்ரிங் பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்பதையும் இது சொல்லாது, அது நம் பாடு. பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி என்பதால், எழுத்துகளுக்கு நடுவில் அரைப்புள்ளி வந்தால் தமிழ் என்று விதி வைத்தேன். இரண்டு பைலில் எஃப்எம் அபய எழுத்துருவில் சிங்களக் குறிப்பு இருந்தது (அம்பாறைப் பக்கம் அது இல்லாமல் இருக்குமா), அதில் அதே அரைப்புள்ளி 'த', ஆகவே அவையும் வலையில் விழுந்து வாசிக்க முடியாத தமிழாகின. புள்ளியே இல்லாத சொற்கள் தப்பிவிட்டன. 'சரி' என்ற பட்டனில் இன்னும் ஆர், யூ, பி என்றே நின்றது. முதலாளி அதை ரூபா என்று வாசித்து, எத்தனை ரூபா என்று ஏன் காட்டவில்லை என்று கேட்டார்.

கோட் பைலுக்கு இது உதவும், டேட்டா பைலுக்கு உதவாது. நெல்லுக்காரர் பெயர்ப் பட்டியல் காற்புள்ளி போட்டுப் பிரித்த தனி பைலில் பாமினியில் கிடந்தது. பாமினியில் காற்புள்ளிதான் 'இ'. இராசையாவும் இப்றாகிமும் தலையெழுத்துப் போய், மிச்சப் பெயர் விலாசத்துக்கும் விலாசம் போன் நம்பருக்கும் தள்ளுப்பட்டு நின்றார்கள். அதற்கு எந்த மொடியூலும் இல்லை. ஆலையில் கணக்கெழுதுகிற தங்கச்சி பழைய பில் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, நான் இரண்டு பின்னேரம் இருந்து ஒவ்வொரு 'இ'யாகக் கையால் போட்டேன்.