பழைய டீசல் வேன் வாங்கி ஓட்டின அனுபவம்: ஸ்டார்ட்டிங் ட்ரபிள்ல ஆரம்பிச்சு நாசில் வாஷர் வரைக்கும்

செகண்ட் ஹேண்ட்ல ஒரு டீசல் வேன் வாங்கி, மழை வெயில் லோடு எல்லாம் பாத்தாச்சு, இப்பதான் இத பத்தி உருப்படியா எழுதலாம்னு தோணுது. வாங்கின ஒரே மாசத்துல எழுதியிருந்தா வெறும் திட்டா இருந்திருக்கும். காமன் ரெயில் (டீசலை ஒரு பொதுக் குழாய்ல அதிக அழுத்தத்துல தேக்கி, நாசில் வழியா சிலிண்டருக்குள்ள தெளிக்கிற சிஸ்டம்), டர்போ (என்ஜினுக்குள்ள காத்த அழுத்தி தள்ளுறது), மேனுவல் கியர், சைடுல ஸ்லைடிங் டோர், இவ்ளோதான் வண்டி. எந்த கம்பெனின்னு சொல்லப்போறதில்ல, ஏன்னா நான் பாத்த கம்ப்ளைன்ட் எல்லாமே வயசான எந்த டீசல் வேன்லயும் வர்றதுதான்.

வித்தவர் சாவி போட்டு காட்டும்போது செக் என்ஜின் லைட் வந்துட்டு ஒழுங்கா அணைஞ்சுடுச்சு. ஆனா லைட் எரியலன்னா கோளாறு இல்லன்னு அர்த்தம் கிடையாதுங்க. வண்டியோட கம்ப்யூட்டர்ல சொருகி படிக்கிற சாதாரண ஓபிடி ஸ்கேனர்லயே "கோடு (கோளாறு நம்பர்) அழிச்சதுக்கப்புறம் ஓடின தூரம்"னு ஒரு ரீடிங் வரும், பெரும்பாலான வண்டிகள்ல இருக்கும். அதுல ரொம்ப கம்மியா காட்டினா யாரோ இப்பதான் அழிச்சுட்டு வண்டிய கைல குடுக்குறாங்கன்னு புரிஞ்சுக்கணும். இதுல அப்படித்தான் காட்டிச்சு. பானெட்ல கை வெச்சா என்ஜின் வேற சூடா இருந்துச்சு, அதாவது நான் போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க. ரெண்டையும் சொல்லியே விலைய கொறைச்சு வாங்கினேன். பாடியும் சேஸிஸும் துரு இல்லாம சுத்தமா இருந்துச்சு, எனக்கு அதுதான் முக்கியம். என்ஜின் கோளாறுக்கு வழி இருக்கு, துரு புடிச்ச சேஸிஸ்க்கு இல்ல.

வாங்கினதும் ஆயில், எல்லா ஃபில்டரும், கூலன்ட் மாத்தியாச்சு. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு ரெக்கார்டே இல்ல, அதனால டென்ஷனர், வாட்டர் பம்போட சேத்து அதையும் போட்டாச்சு. இதுல யோசிக்க ஒண்ணுமில்ல, பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட்டே போயிடும்.

இனிமேதான் கதை. ராத்திரி நிறுத்தி காலைல சாவி போட்டா செல்ஃப் நல்லா சுத்தும், என்ஜின் மட்டும் புடிக்காது. ரொம்ப நேரம் அடிச்சப்புறம் ஒரு உதறு உதறிட்டு ஸ்டார்ட் ஆகும். ஒரு தடவ ஆயிடுச்சுன்னா அன்னிக்கு முழுக்க பிரச்சினையே இல்ல. மெக்கானிக்கிட்ட சொன்னதும் "அண்ணே, ஹீட்டர் பிளக் நாலும் போயிருக்கும், மாத்திடலாம்"னுட்டார். நான் கொஞ்சம் பொறுங்கன்னேன். ஏன்னா ஹீட்டர் பிளக்னா சிலிண்டருக்குள்ள சூடு குடுக்குறது, அது வேலை செய்றதே என்ஜின் நல்லா சில்லுன்னு இருக்கும்போதுதான். இதுவோ கொளுத்துற வெயில்ல நாலஞ்சு மணி நேரம் சும்மா நின்னாலும் அதே மாதிரிதான் அடம் புடிச்சுது. ஹீட்டர் பிளக்தான் காரணம்னா வெயில்ல ஏன் இப்படி ஆகணும்? இருந்தாலும் மீட்டர் வெச்சு பாத்தோம், நாலும் ஏறக்குறைய ஒரு ஓம் கிட்ட காட்டிச்சு. எரிஞ்சுபோன பிளக்னா ஓப்பன் சர்க்யூட் காட்டும். அது இல்ல. பேட்டரி நின்ன நிலைல 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போதும் 10க்கு கீழ போகல. அதுவும் இல்ல.

அப்புறம் ஸ்கேனர்ல லைவ் டேட்டாவ போட்டு ரெயில் பிரஷர பாத்தோம். காமன் ரெயில்ல ஸ்டார்ட் ஆகுறதுக்கு ரெயில்ல ஒரு குறைஞ்சபட்ச அழுத்தம் வந்தே ஆகணும், பல வண்டிகள்ல அது சுமார் 200 பார் (ஒரு பார்னா ஏறக்குறைய வெளிக்காத்தோட அழுத்தம்) பக்கத்துல இருக்கும். அது வர்ற வரைக்கும் ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) நாசிலை திறக்கவே விடாது, நீங்க செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். நம்ம வண்டில அந்த நம்பர் நகரவே மாட்டேங்குது, கடைசில திடீர்னு ஏறி டக்குனு புடிக்குது. அப்போ பம்புக்கு டீசலே வந்து சேரல, இல்லன்னா காத்தோட கலந்து வருது.

இதுக்கு கை பம்ப் (டீசலை கையால அமுக்கி லைன்ல ஏத்துற சின்ன பம்ப்) இருக்கிற வண்டில ஸ்கேனர் கூட இல்லாம ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கு. காலைல சாவிய தொடாம, பம்ப் டைட் ஆகுற வரைக்கும் அமுக்கிட்டு அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே புடிச்சா லைன்ல ஏர் வாங்குது, நின்ன நேரத்துல டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிடுதுன்னு அர்த்தம். நம்ம வண்டி முதல் சுத்துலயே புடிச்சுது. சரிவுல முன்பக்கம் கீழ இருக்கிற மாதிரி நிறுத்தின அன்னிக்கெல்லாம் ஏன் சமத்தா ஸ்டார்ட் ஆச்சுன்னும் அப்பதான் புரிஞ்சுது, டேங்க் மேல இருந்தா டீசல் எப்படி பின்னாடி இறங்கும்?

ஆனா எங்கயும் ஒரு சொட்டு டீசல் ஒழுகல, லைன் முழுக்க துணிய வெச்சு துடைச்சு பாத்தேன், காஞ்சு கிடக்குது. இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. டேங்க்லேர்ந்து டீசலை உறிஞ்சி எடுக்குற பக்கத்துல அழுத்தம் வெளிக்காத்த விட கம்மி, அதனால ஓட்டை இருந்தா காத்து உள்ள போகுமே தவிர டீசல் வெளிய வராது. (டேங்குக்குள்ளயே மோட்டார் இருந்து தள்ளுற வண்டின்னா கதை வேற, அதுல ஓடும்போது ஒழுகும், கண்ணுக்கு தெரியும்.) ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல கொஞ்ச நீளம் டீசல் தாங்குற கண்ணாடி மாதிரி டியூப் மாட்டி பாத்தா குமிழி குமிழியா ஓடுது. ஃபில்டருக்கு முன்னாடி மாட்டினா சுத்தமா வருது. அப்போ ஓட்டை ஃபில்டர்லயேதான். மூடிய கழட்டினா ஓ-ரிங் சப்பையா, ஓரத்துல ஒரு நகக்கீறல் அளவுக்கு வெட்டுப்பட்டு இருந்துச்சு. வாங்கினதும் ஃபில்டர் மாத்தினாங்க சரி, பெட்டிக்குள்ள வந்த புது ரிங்க போடாம பழசையே போட்டு இறுக்கியிருக்காங்க. அந்த ரிங்க மாத்தினதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஸ்டார்ட்டிங் ட்ரபிள் திரும்பி வரல.

ஒரு விஷயம் மட்டும் அழுத்தி சொல்லிடுறேன். மேல சொன்ன டியூப் வேலையெல்லாம் லோ பிரஷர் பக்கத்துல மட்டும்தான். பம்ப்லேர்ந்து ரெயிலுக்கும் நாசிலுக்கும் போற இரும்பு பைப்ப என்ஜின் ஓடும்போது கழட்டவோ கையால தடவி லீக் பாக்கவோ கூடாது. லோடுல அங்க 1600 பார், அதுக்கு மேல கூட போகும். ஊசி முனை அளவு லீக் இருந்தா டீசல் தோலை துளைச்சு உள்ள போயிடும். வெளிய சின்ன புள்ளிதான் தெரியும், வலி கூட முதல்ல இருக்காது, ஆனா உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டிய கேஸ் அது.

அடுத்தது மேடு. லோடு ஏத்திக்கிட்டு மேட்டுல மிதிச்சா வழியிலயே சட்டுனு பிக்கப் செத்துடும், லைட் எரியும், கருப்பு புகை தள்ளும், அப்புறம் ஆமை வேகம்தான். ஓரங்கட்டி ஆஃப் பண்ணி திரும்ப போட்டா மறுபடி நல்லா ஓடும். கோடு பி0299, அதாவது டர்போ குடுக்க வேண்டிய பூஸ்ட் (காத்து அழுத்தம்) கிடைக்கல. "டர்போ போச்சு"ன்னு சொல்ல ஆளுக்கு பஞ்சமே இல்ல. அந்த கோடு டர்போ போச்சுன்னு சொல்லலீங்க, பூஸ்ட் வந்து சேரலன்னுதான் சொல்லுது, நடுவுல எங்கயாவது காத்து ஓடிப்போனாலும் இதே கோடுதான் வரும்.

டர்போ ஷாஃப்ட்ட விரலால ஆட்டி பாத்தா ஆட்டம் பெருசா இல்ல, பிளேடு உரசல. டர்போவ கட்டுப்படுத்துற ஆக்சுவேட்டருக்கு போற சின்ன வேக்குவம் டியூபும் சரி. இன்டர்கூலர் (டர்போ தள்ளுற காத்த குளிர வெக்கிறது) ஓஸ் மேலேர்ந்து பாத்தா புதுசு மாதிரி இருந்துச்சு. ஆனா கீழ படுத்து அடிப்பக்கத்த பாத்தா ஒரு இடத்துல மட்டும் ஆயில் ஈரமும் அதுல ஒட்டின புழுதியும். பூஸ்ட் ஓஸ்க்குள்ள லேசா ஆயில் படிஞ்சிருக்கிறது சாதாரணம், பிரீதர் (என்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய வெளியேத்துற குழாய்) வழியா வர்றது, அது வெளிய வந்திருந்தாதான் கவனிக்கணும். அந்த இடத்த ரெண்டு கையாலயும் வளைச்சா வாய் திறக்குது! சும்மா நிக்கும்போது மூடிக்கும், அழுத்தம் ஏறினா திறந்துக்கும், அதனாலதான் சமதரைல ஒண்ணுமே தெரியல. கண்ணுக்கு தெரியலன்னா சோப்பு தண்ணி அடிச்சு கம்மி அழுத்தத்துல காத்து விட்டு பாக்கலாம், ஒரு பார் தாண்ட வேண்டாம். ஓஸ், கிளிப் மாத்தினதோட மேட்டுப் பிரச்சினை முடிஞ்சுது. கையோட இஜிஆரையும் (புகையில ஒரு பங்க திரும்ப என்ஜினுக்குள்ள விடுற வால்வு) கழட்டினோம், உள்ள கரியும் ஆயிலும் சேந்து கெட்டித் தார் மாதிரி அப்பியிருந்துச்சு, சுத்தம் பண்ணதுல ஐடிலிங் கொஞ்சம் சீரா ஆச்சு. பெரிய மாயமெல்லாம் நடக்கல, மைலேஜ் ஏறிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

பேட்டரி விஷயம் சுருக்கமா. ரெண்டு மூணு நாள் நின்னா டவுன். ஆல்டர்னேட்டர் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல குடுக்குது, அப்போ சார்ஜிங் பிரச்சினை இல்ல, ஆஃப் பண்ணினதுக்கப்புறம் ஏதோ உறிஞ்சுது. பேட்டரி நெகட்டிவ்ல அம்மீட்டர சீரிஸ்ல போட்டு, எல்லா டோர் லாக்கையும் மூடின மாதிரி ஏமாத்திட்டு அரை மணி நேரம் விடணும், கம்ப்யூட்டரெல்லாம் தூங்குறதுக்கு அவ்ளோ நேரம் ஆகும். அதுக்கப்புறம் 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. நமக்கு அத விட பல மடங்கு. ஃப்யூஸ ஒவ்வொண்ணா புடுங்கி பாத்தா திரும்ப சொருகும்போது தூங்கினதெல்லாம் முழிச்சுக்கும், அதனால புடுங்காம ஃப்யூஸ் முதுகுல இருக்கிற ரெண்டு புள்ளில மில்லி வோல்ட் பாக்குறது நல்லது, கரன்ட் ஓடுற ஃப்யூஸ்ல மட்டும் ஏதாவது காட்டும். பழைய ஓனர் டாஷ்போர்டுக்கு பின்னாடி மாட்டின ஒரு ரிலே, எதுக்குன்னே தெரியல, எப்பவும் ஆன்லயே இருந்துச்சு. கழட்டி எறிஞ்சாச்சு, இன்னிக்கு வரைக்கும் எதுவும் வேலை செய்யாம போகல.

கடைசியா வந்ததுதான் ரொம்ப நேரம் தின்னது. ஃபேன் போட்டா கேபினுக்குள்ள புகை வாடை, பானெட் திறந்தா "சக் சக்"னு ஒரு சத்தம், ஆக்சிலரேட்டர் குடுத்தா சத்தமும் வேகமாகும். ஒரு நாசில சுத்தி கருப்பா கெட்டியா தார் மாதிரி. நாசிலுக்கு அடில இருக்கிற காப்பர் வாஷர் விட்டுடுச்சுன்னா கம்ப்ரஷன் அந்த வழியா வெளிய தள்ளும், அந்த கரிதான் இது. வாஷர் காசு ஒண்ணுமே இல்ல, நாசில வெளிய எடுக்குறதுலதான் உயிர் போகுது. துரு விடுற ஆயில ஊத்தி ஊற வெச்சு, என்ஜின லேசா சூடு பண்ணி, ஆட்டி ஆட்டி எடுத்தாங்க. இத நான் தொடல, இழுக்குற டூல் இருக்கிற ஆளுகிட்டதான் குடுத்தேன். பக்கத்துலயே நின்னு பாத்தது ரெண்டு: வாஷர் உக்காருற இடத்த கட்டர் போட்டு சுத்தம் பண்றாங்களான்னு, போல்ட் புதுசு போட்டு டார்க் ரெஞ்ச்ல இறுக்குறாங்களான்னு. சீட்ல கரி இருந்தா புது வாஷரும் சீக்கிரமே விட்டுடும். இன்னொண்ணு, நிறைய காமன் ரெயில் நாசில்கள்ல எழுத்தும் எண்ணுமா ஒரு கோட் நம்பர் அடிச்சிருக்கும், அது ஈசியுல அந்தந்த சிலிண்டருக்கு பதிவாகியிருக்கும், அதனால கழட்டும்போதே நம்பர் போட்டு வெச்சு அதே சிலிண்டர்ல போடணும். மாத்தி போட்டா ஐடிலிங் உதறும், அப்புறம் அதுக்கு ஒரு புது தேடல் ஆரம்பிக்கணும்.

முன் வீல் பேரிங் ஒண்ணு, ஸ்லைடிங் டோர் ரோலர், இதெல்லாம் தேய்மானம்தான், மாத்தியாச்சு. பேரிங் எந்த பக்கம்னு தெரியணும்னா ஓடும்போது லேசா வளைச்சு பாருங்க, எடை ஏறுற பக்கத்து பேரிங்னா ஊளை கூடும்.

இப்ப வண்டி ஃபுல் லோடோட மேடு ஏறுது, காலைல ஒரே சுத்துல புடிக்குது. ஆஃப் பண்ணும்போது ஃப்ளைவீல்லேர்ந்து ஒரு கடகட சத்தம் மட்டும் இருக்கு, டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவுல ஸ்பிரிங் வெச்ச ரெண்டு பாகமான ஃப்ளைவீல்) தேயுது. எப்படியும் கியர்பாக்ஸ இறக்கணும், அதனால கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கட்டும், ரெண்டையும் ஒரே செலவுல முடிச்சுக்கலாம்னு விட்டு வெச்சிருக்கேன்.