"சூப்பர் டஸ்கன் மெர்லோ" கிளாஸ் ஆர்டர் செய்யும் முன்

ஃப்ளோரன்ஸ் போகிறவர்கள் கவனிக்க. சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் தெருக்களில் சில ஒயின் பார்கள் "சூப்பர் டஸ்கன் மெர்லோ" என்று, அதாவது டஸ்கனி மாநிலத்து உயர்ரகச் சரக்கு என்ற பெயரில், மெர்லோ திராட்சையின் சிவப்பு ஒயினைக் கிளாஸ் கணக்கில் விற்கின்றன. ஒன்றில் நடந்தது இது: மெனுவில் டஸ்கனியின் கடலோரப் பகுதியான போல்கெரியின் மெர்லோ, கிளாஸில் வந்தது ரோஸ்மில்க் போல வெளிறிய ஏதோ ஒன்று. பாட்டிலைக் காட்டச் சொன்னால், "தீர்ந்துவிட்டது, குப்பையில் போட்டாயிற்று" என்று பதில். பில்லில் மட்டும் போல்கெரி விலை அப்படியே.

கோளாறு தொடங்குவது கவுண்டருக்குப் பின்னால் ஊற்றி எடுத்துவருவதில்தான். பாட்டில் மேசைக்கு வந்து, லேபிளைப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். மறுத்தால் எழுந்துவிடுங்கள்.

"சூப்பர் டஸ்கன்" என்பது சட்டத்தில் உள்ள தரமே அல்ல. லேபிளில் இருப்பது பெரும்பாலும் "தோஸ்கானா ஐஜிடி", அதாவது டஸ்கனிப் பகுதி ஒயின் என்று மட்டும் சொல்லும் முத்திரை. 1986இல் தொடங்கிய, பெரும்பாலும் மெர்லோவான, பாட்டில் பல நூறு யூரோ விற்கும் மஸேட்டோ என்ற போல்கெரி ஒயினிலும் அதே எழுத்துதான். சூப்பர்மார்க்கெட்டில் பத்து யூரோவுக்குள் கிடைக்கும் பாட்டிலிலும் அதே எழுத்துதான். ஆகவே தயாரிப்பாளர் பெயரையும் திராட்சை அறுத்த ஆண்டையும் கேளுங்கள். கணக்கும் போட்டுப் பாருங்கள்: 750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. கிளாஸ் 5தான். பெரிய பெயரைச் சொல்லி 15 யூரோ கேட்டால், பாட்டிலுக்கு 75தான் ஆகிறது. நடக்கிற காரியமா?

இன்னொன்று: லேபிளில் மெர்லோ என்று போட 85 சதவீதம் மெர்லோ இருந்தால் போதும். மிச்சம் வேறு திராட்சையாக இருப்பது ஏமாற்று அல்ல, சண்டைக்குப் போகாதீர்கள்.

கிளாஸை வெள்ளை நாப்கின் மேல் சாய்த்து, பின்னால் விரலை வையுங்கள். வெயிலில் நன்கு பழுத்த இளம் போல்கெரி மெர்லோ அடர்த்தியாக இருக்கும், விரல் மங்கலாகத்தான் தெரியும். நகம் வரை பளிச்சென்று தெரிந்தால் சந்தேகப்படலாம். வாசத்தில் கருத்த ப்ளம், சாக்லேட் இல்லாமல் பச்சைக் குடைமிளகாய் தூக்கலாக அடித்தால், கொடியில் அளவுக்கு மீறிக் காய்க்கவிட்டு, முழுதாகப் பழுக்காத பழத்தில் செய்தது. வடகிழக்கு இத்தாலியின் வெனெட்டோ சமவெளியின் மலிவுச் சரக்கு பல இந்த ரகம். (பக்கத்து மாநிலமான ஃப்ரியூலியின் மலைச்சரிவு மெர்லோவை இதோடு சேர்க்காதீர்கள், அது வேறு சங்கதி.)

சரியான பாட்டிலே வந்தாலும் எப்போது திறந்தது என்று கேளுங்கள். கார்க்கைத் திரும்பச் செருகிக் கவுண்டரிலேயே வைத்தால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். பிறகு நறுக்கி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாசம் வரும், விளிம்பு செங்கல் நிறமாகும். முற்றினால் நெயில் பாலிஷ் நெடி. இதை மறைக்கச் சிலர் ஐஸ் போலக் குளிரவைத்துத் தருகிறார்கள், குளிரில் வாசம் எழாது. கிளாஸை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பொத்திப் பிடித்து மறுபடி முகருங்கள். மெர்லோவுக்கு 16 முதல் 18 டிகிரி சரி.

மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கெட்டது, மாற்றித் தரக் கேட்கலாம். ஆனால் முதல் இரண்டு வாயிலேயே சொல்லிவிட வேண்டும். பாதி குடித்துவிட்டுச் சொன்னால் காதில் வாங்கமாட்டார்கள். பழைய பாட்டிலின் அடியில் தங்கும் வண்டலுக்காகத் திருப்பி அனுப்பாதீர்கள், அது குறையல்ல.