சேல்ஸ்ஃபோர்ஸ் மெனுவா, டைனமிக்ஸ் மெனுவா?

வாடிக்கையாளர், விற்பனை விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்கள் இவை இரண்டும்; எதன் மெனு வசதி என்பதுதான் கேள்வி. டீமில் ஆளுக்கொரு விதமாக வேலை செய்கிறார்கள் என்றால் சேல்ஸ்ஃபோர்ஸின் புதிய திரை வடிவமான லைட்னிங் பக்கம்தான் என் ஓட்டு. மெனு மேலே வரிசையாக நிற்கும், எந்த டேப் முதலில் என்பதை அட்மின் ஆப் மேனேஜரில் அடுக்கிவைப்பார், ஆனாலும் வலது ஓரத்துப் பென்சில் ஐகானைத் தட்டி பயனரே லீட்ஸை (வாடிக்கையாளராகக்கூடியவர்களின் பட்டியல்) முன்னால் இழுத்துக்கொள்ளலாம், ரிப்போர்ட்ஸைப் பின்னுக்குத் தள்ளலாம். வேண்டாம் என்று நினைக்கும் அட்மின் அதை ஆப் வாரியாக அணைத்துவிடலாம். டேப் கூடிப்போனால் மிச்சமெல்லாம் 'மோர்' என்பதற்குள் ஒளிந்துகொள்ளும், அதுதான் எரிச்சல்.

டைனமிக்ஸ் 365 கொஞ்சம் கறார். மெனு இடப்பக்கம், அதற்குப் பின்னால் சைட்மேப், அதாவது மெனுவின் அடுக்கமைப்பு: ஏரியா, அதற்குள் குரூப், அதற்குள் சப்ஏரியா. விற்பனை, சர்வீஸ் என்று துறை பிரிந்த அலுவலகத்துக்கு இந்த அடுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் ஆப் டிசைனரில் (மெனுவை அமைக்கும் கருவி) மாற்றிச் சேமித்தால் மட்டும் போதாது, பப்ளிஷும் கொடுக்க வேண்டும். 'மாற்றினேனே, ஏன் வரவில்லை?' என்று புதியவர்கள் முழிப்பது பெரும்பாலும் இங்கேதான். பயனர் தனக்கு வேண்டிய ரெக்கார்டை மெனுவில் 'பின்' (pin) செய்துகொள்ளலாம், சைட்மேப்பில் கை வைக்க முடியாது. அப்புறம், ஒரு டேபிளை (ஒரே வகைப் பதிவுகளின் தொகுப்பு) படிக்க அனுமதி இல்லாதவருக்கு அந்த வரி மெனுவிலேயே தெரியாது, தனியாக மறைக்க வேண்டியதில்லை.